மஞ்சளுக்கு அடியில் வெள்ளை

ஜனவரி 9

தங்கச்சிக்கு,

மச்சான் போட்ட கார்டு கிடைத்தது. பையனுக்கு ஒன்றரை வயதான பிறகு மாமனுக்குத் தகவல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்வரை காத்திருக்காமல் இப்போதாவது சொன்னாரே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். தலையில் முடியே வரவில்லையாம், மொட்டை என்றுதான் கூப்பிடுகிறீர்களாம். அது உன் பக்கத்துச் சொத்து. உன்னையும் ரொம்ப நாள் வரைக்கும் பார்ப்பவர்கள் எல்லாம் தம்பி என்றுதான் கொஞ்சினார்கள்.

லாரி பார்சலில் ஒரு நாற்காலி அனுப்பியிருக்கிறேன். பிரித்ததும் உனக்கே தெரியும். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பாட்டை இறைத்த அதே குழந்தை நாற்காலிதான். பட்டறைப் பரணில் கிடந்தது. ஒரு கால் ஆடியது, கழற்றிப் பசை வைத்து இறுக்கிவிட்டேன். வெடிப்புகளில் பட்டி அடைத்து, மேலே மஞ்சள் பெயின்ட் இரண்டு கோட்டிங், அது நன்றாகக் காய்ந்ததும் வார்னிஷ். குழந்தை தண்ணீரைக் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது.

ஒன்றே ஒன்று சொல்கிறேன். இதில் உப்புத்தாள் போடாதே. மஞ்சள் பிடிக்கவில்லை என்றால் அதன் மேலேயே வேறு நிறம் அடித்துக்கொள். சுரண்டவும் வேண்டாம், தேய்க்கவும் வேண்டாம். உன் கை சும்மா இருக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன். ஏன், எதற்கு என்று ஆரம்பிக்காமல் ஒரு தடவையாவது அண்ணன் சொல்வதைக் கேள்.

ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னது எதையும் நான் மறக்கவில்லை. நான் சொன்னதையும் மறக்கவில்லை. அப்பா விஷயத்தை எழுத ஆரம்பித்தால் இந்தக் கடிதம் பார்சலோடு போய்ச் சேராது. இப்போதைக்கு நாற்காலி போகட்டும்.

உன் போன் நம்பர் என்னிடம் இல்லை. மச்சான் கார்டில் எழுதவில்லை. எழுத வேண்டாம் என்று யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பட்டறை நம்பர் மாறவில்லை.

அண்ணன்

*

பிப்ரவரி 21

அண்ணனுக்கு,

நாற்காலி பத்திரமாக வந்து சேர்ந்தது. இதற்குப் பெயின்ட் அடித்தது நீயா, இல்லை யாருடைய கண்ணையாவது கட்டிவிட்டு அடிக்கச் சொன்னாயா? முதுகுச் சட்டத்தில் பிரஷ் முடி ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது. பின்காலில் பெயின்ட் ஒழுகி அப்படியே நின்றுவிட்டது. அப்பா பார்த்திருந்தால் அந்தப் பிரஷ்ஷாலேயே உன்னை அடித்திருப்பார். முன்னால் இருக்கும் குறுக்குக் கட்டை வேறு புதிது, ஓரமெல்லாம் நேற்று அறுத்த மரம் மாதிரி கூராக இருக்கிறது. பழையதை எங்கே தொலைத்தாய்?

இதில் எனக்கு உத்தரவு வேறு, தேய்க்காதே என்று. அப்பாவின் பட்டறைக் கொட்டகையில் உப்புத்தாள் பிடித்தது யார்? நீ சைக்கிளில் ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது மேசைக் கால்களுக்கு நடுவில் உட்கார்ந்து தேய்த்தவள் நான். அப்பா கண்ணை மூடிக்கொண்டு பலகையைத் தடவிப் பார்த்து, "இது சின்னவ கை" என்பார். உன்னை ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை. கடைசியில் பட்டறை உனக்கு, கல்யாணம் எனக்கு. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, எழுதிவிட்டேன்.

அதனால் தேய்த்தேன். உன் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் தேய்த்தேன்.

இங்கே குளிர் இன்னும் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் பையனுக்குச் சளி பிடிக்கும் என்று எல்லாவற்றையும் மூடிக்கொண்டு முன்னறையிலேயே வேலை. அவனைத் தனியாக விட முடியுமா? பக்கத்தில் பாய் விரித்து உட்காரவைத்து, தேய்ந்துபோன தாளில் ஒரு துண்டு கிழித்துக் கொடுத்தேன். பெரிய மேஸ்திரி மாதிரி முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு தரையைத் தேய்த்தான். உன் மஞ்சள் சீக்கிரமே போய்விட்டது. அடியில் ஒரு பச்சை, அதற்கு அடியில் அப்பாவின் வெள்ளை. அந்த வெள்ளைதான் என் உயிரை வாங்கியது. கண்ணாடிச் சில்லால் சுரண்டி, முரட்டுத் தாள் போட்டு, நடுத்தரத் தாள் போட்டு, வீடு முழுக்க மாவு மில் போல ஆகிவிட்டது. மொட்டையின் தலையும் புருவமும் வெள்ளை. துடைக்கத் துடைக்க விரலைச் சப்பிக்கொண்டு சிரிக்கிறான். இவர் வேலை முடிந்து வந்து பார்த்து, "வீட்ல ரெண்டு கிழவன் ஆயிட்டோம்" என்றார்.

அதற்குப் பிறகு மரம் தெரிந்தது. அண்ணா, அந்த மரத்தை நீ பார்த்ததே இல்லை. தேன் நிறம். ரேகை கால் வரைக்கும் அறுபடாமல் ஓடுகிறது. ஈரத்துணியால் ஒற்றி, மரநார்ச் சிலும்பு எழும்பிய பிறகு நைஸ் தாளால் ரேகையோடு மட்டும் இழுத்தேன். குறுக்கே ஒரு தடவைகூடப் போகவில்லை. ஆளிவிதை எண்ணெயைத் துணியில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியிருக்கிறேன். பளபளப்பு கிடையாது, ஆனால் கன்னத்தை வைத்துப் பார்க்கலாம். பையன் வைத்துப் பார்த்தான்.

உன்னிடம் காட்டத்தான் ஆசை. நேரில் காட்டும் நிலைமையில் நாம் இல்லை.

தங்கை

*

பிப்ரவரி 28

தங்கச்சி,

இதைப் படிக்கும்போது பையனோடு அந்த முன்னறையில் இருந்தால், முதலில் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போ. மீதியை அங்கே நின்று படி.

அந்த வெள்ளையில் ஈயம் இருக்கிறது. அப்பா ஒரு பொடியை எண்ணெயில் குழைத்துச் செய்வாரே, அந்த வெள்ளை. மேலே பெயின்ட் மூடியிருக்கும்வரை ஒன்றும் செய்யாது. தூசியானால் விஷம். பெரியவர்களுக்கே ஆகாது, குழந்தைக்கு ஆகவே ஆகாது.

அறையைப் பெருக்காதே. பெருக்கினால் எழும்பும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியைப் பையில் கட்டித் தூரப் போடு. அவன் உட்கார்ந்த பாயும் போகட்டும். அவன் கையை அடிக்கடி கழுவு. நகத்தை ஒட்ட வெட்டு. பொம்மைகளைக் கழுவு.

இன்றைக்கே டாக்டரிடம் போ. ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். ஈயம் என்ற வார்த்தையை நீதான் சொல்ல வேண்டும், அவர்களாகக் கேட்க மாட்டார்கள். பிறகு பட்டறைக்குப் போன் செய். என்னோடு பேச வேண்டாம். "பார்த்தாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடு.

அண்ணன்

*

மார்ச் 9

அண்ணனுக்கு,

நீ இப்படி எழுதுவாய் என்று எதிர்பார்த்தேன். நல்லா இருக்கிறது என்று உன் வாயிலிருந்து வராது என்பது தெரியும். அதற்காக விஷம் வரைக்கும் போவாய் என்று நினைக்கவில்லை.

அப்பா அந்தப் பொடிக்குள்ளேயே வாழ்ந்தார். அதே கையோடு சாப்பிட்டார். நானும்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதை மூக்கிலும் வாயிலும் போட்டுக்கொண்டு தேய்த்தேன். உயிரோடுதானே இருக்கிறேன்? விஷம் என்று தெரிந்தவன் எதற்கு அதை என் பிள்ளைக்கு அனுப்பினாய்? உன் கடிதத்தில் இதற்குப் பதில் இல்லை. இல்லாததால்தான் நான் நம்பவில்லை.

நீ தூக்கிப் போடச் சொன்ன பாயைத் தூக்கிப் போடவில்லை. நல்ல பாய் அது. அறையை நன்றாகப் பெருக்கி, மெத்தையைத் தட்டிப் போட்டேன். எனக்கும் வீடு சுத்தம் செய்யத் தெரியும்.

பையனுக்கு ஒன்றும் இல்லை. வயிற்றுவலிதான். டாக்டரிடம் காட்டினோம். ரத்தம் குறைவு, பூச்சி இருக்கும் என்று மருந்தும் டானிக்கும் கொடுத்தார். வெளிக்குப் போவதற்குக் கஷ்டப்படுகிறான். சாப்பாட்டைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொள்கிறான். பல் வரும் நேரம், எல்லாப் பிள்ளைகளும் படுத்தும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். அவளுக்கு வரிசையாகப் பிள்ளைகள், அவளுக்குத் தெரியாததா?

ஒன்று கேட்கலாம் என்று நினைத்தேன். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை கொஞ்ச நாள் பேசாமல் இருப்பது உண்டா? வேண்டாம், விடு. உனக்கு என்ன தெரியும், நீ பிள்ளை பெற்றவனா?

தங்கை

*

மார்ச் 17

தங்கச்சி,

நீ கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை நீ படித்துவிட்டு அப்படியே டாக்டரிடம் கொடு.

அப்பாவுக்குக் கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும் வலி வந்ததே, நினைவிருக்கிறதா? குடல் புண் என்றோம். வலது மணிக்கட்டு தொங்கிப்போய் டம்ளரைத் தூக்க முடியாமல் போனது. வயது என்றோம். பிறகு யாரைப் பார்த்தாலும் கத்தினார், அடிக்கக் கை ஓங்கினார். நீ வந்து பார்த்துவிட்டு, நான் அவரைப் பட்டினி போட்டுப் பைத்தியமாக்கிவிட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் சொன்னாய். நானும் பதிலுக்குச் சொல்லக்கூடாததைச் சொன்னேன். நீ அன்றைக்கே கிளம்பிவிட்டாய். நீ போன பிறகு ஒரு டாக்டர் அப்பாவின் உதட்டை மடக்கி ஈறைக் காட்டினார். ஈறு ஓரமாக நீலக் கோடு. "என்ன வேலை பாத்தாரு?" என்று கேட்டார். பாலிஷ் வேலை, பெயின்ட் வேலை என்றேன். "அதுதான் இவர சாப்பிட்டிருக்கு" என்றார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அவருக்குப் புரிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதன் பிறகு பட்டறையில் பழைய பெயின்ட்டை உலர்ந்த தாளால் தேய்ப்பதை நிறுத்திவிட்டேன். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறோம், அதுவும் வெளியில். பழைய வெள்ளை தெரிந்தால் சாமானையே திருப்பி அனுப்பிவிடுவேன். திமிர் பிடித்தவன் என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

பிறகு இதை ஏன் அனுப்பினாய் என்று கேட்கிறாய். மூடிவிட்டால் போதும் என்று நினைத்தேன். பிள்ளை கடிக்கும் என்பதால் குறுக்குக் கட்டையை மட்டும் எடுத்துவிட்டுப் புது மரத்தில் செய்து போட்டேன். அது பெரிய புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். நாற்காலியைக் குழி தோண்டிப் புதைத்திருக்க வேண்டும். ஆனால் உனக்கு அனுப்ப நம் வீட்டிலிருந்து என்னிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. காரணத்தை நாலு வரியில் எழுதியிருக்கலாம். எழுதினால் அப்பா எப்படிச் செத்தார் என்று எழுத வேண்டும். இத்தனை காலம் கழித்துப் போடும் முதல் கடிதத்தில் அதை எழுத மனம் வரவில்லை. தேய்க்காதே என்றால் தேய்க்க மாட்டாய் என்று நம்பினேன். உன்னைத் தெரிந்தவன் அப்படி நம்பியிருக்கக் கூடாது.

பிள்ளை பேசாமல் இருப்பது உண்டா என்று கேட்டாய். எனக்குப் பிள்ளை இல்லை, தெரியாது. ஆனால் அப்பாவும் முதலில் பேச்சைத்தான் குறைத்தார்.

இந்தத் தபாலைச் சேர்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுக்கப் போகிறேன், இடம் கிடைக்கும் நாளில் கிளம்புவேன். நீ கதவைத் திறக்காவிட்டால் தெருவில் நிற்கிறேன்.

அண்ணன்

*

ஏப்ரல் 4
குழந்தைகள் வார்டு

அண்ணனுக்கு,

நீ கீழே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது. உன்னை மேலே விட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இதை நர்ஸிடம் கொடுத்து அனுப்புகிறேன். நேரில் பேச முடியாததால் எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையில் அவனுக்கு வலிப்பு வந்தது. தபால்காரர் வாசலில் நின்றார், நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். உறையைப் பிரிக்காமலே கையில் வைத்திருந்தேன். ஆட்டோவில் பிரித்தேன். டாக்டர் அதைப் படித்துவிட்டு, "இது முன்னாடியே தெரியுமாம்மா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். ஈயம்னு சொன்ன கடிதம் வந்தே பல நாள் ஆச்சு, நான் நம்பல என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தலையை மட்டும் ஆட்டிவிட்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

ரத்தத்தில் ஏகப்பட்டது இருக்கிறதாம். ஊசி போடுகிறார்கள். ஈயத்தைப் பிடித்து மூத்திரத்தோடு வெளியே கொண்டுவரும் மருந்து. ஊசி போட்ட இடம் கட்டிக்கொள்கிறது. முதல் தடவை அலறினான். இப்போது ஊசியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான், அலறுவதில்லை. அலறினால் தேவலை என்று இருக்கிறது.

எனக்கும் ரத்தம் எடுத்தார்கள். எனக்கும் இருக்கிறது. அது இப்போது வந்தது மட்டுமில்லை, எலும்பில் பழையதும் தங்கியிருக்கும், சின்ன வயதில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார்கள். அப்பாவுக்கு ஒத்தாசை செய்தேன் என்றேன்.

இவர் உன்னிடம் வீட்டுச் சாவியைக் கொடுக்கப் போகிறாராம். நான் தடுக்கவில்லை. அந்த வீட்டை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளையைத் திரும்ப அழைத்துப்போகக் கூடாது என்கிறார்கள். உனக்குத்தான் முறை தெரியும். செய். நான் வருவதற்குள் போய்விடு.

தங்கை

*

ஏப்ரல் 13
உன் வீட்டில்

தங்கச்சிக்கு,

வேலை முடிந்தது. என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்.

முன்னறையை மேலிருந்து கீழாக ஈரத்துணியால் துடைத்தேன். கூரை, சுவர், ஜன்னல் கம்பி, கடைசியில் தரை. ஒரு துணியைக்கூடத் திரும்ப நனைத்து உபயோகிக்கவில்லை. தரைப்பலகைகளின் இடுக்கில்தான் அதிகம் இருந்தது. பல்துலக்கும் பிரஷ்ஷை நனைத்து ஒவ்வொரு இடுக்காக எடுத்து, மேலே பட்டி அடைத்து, பெயின்ட் அடித்திருக்கிறேன். இந்தத் தடவை ஒழுகவில்லை. மெத்தை, தலையணை, பாய், திரைச்சீலை எல்லாம் போய்விட்டன. புதிது வாங்கி வைத்திருக்கிறேன், நிறம் பிடிக்காவிட்டால் மச்சானைத் திட்டிக்கொள், அவர்தான் எடுத்தார். துணிக் கரடி ஒன்று இருந்தது. அதற்குள் தூசி இறங்கியிருந்தது. அதையும் போட வேண்டியதாகிவிட்டது.

நாற்காலியைப் பாலித்தீனில் சுற்றி எடுத்துப் போகிறேன். சுற்றுவதற்கு முன்னால் தடவிப் பார்த்தேன். நீ செய்த வேலை மாதிரி ஒன்றை நான் என் ஆயுளில் செய்ததில்லை. இதை இப்போது சொல்வதற்கு எனக்கே வாய் கூசுகிறது. சொல்லாமல் இருந்ததுதான் இவ்வளவுக்கும் காரணம் என்று தோன்றுவதால் சொல்கிறேன்.

நேற்று மச்சான் என்னை மேலே அழைத்துப்போனார், வார்டு கண்ணாடி வழியாக அவனைப் பார்த்தேன். நீ தூங்கிக்கொண்டிருந்தாய். அவன் விழித்திருந்தான். கையை ஆட்டினேன். என்னைப் பார்த்தானா, கண்ணாடியைப் பார்த்தானா தெரியவில்லை.

சாவி மச்சானிடம் இருக்கிறது.

அண்ணன்

*

மே 26

அண்ணனுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். பிழைத்துவிட்டான். எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள், நானும் அதையே முதலில் எழுதுகிறேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். பிடித்ததைக் கொடுத்தால் சாப்பிடுகிறான். தலையில் முடி வர ஆரம்பித்திருக்கிறது. மொட்டை என்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது நன்றாகக் கேட்கிறதாம், பரிசோதித்துப் பார்த்துவிட்டார்கள். தண்ணீர், நாய், பூட்டு, அப்பா என்று கைநிறைய வார்த்தை வைத்திருந்தான். ஒன்றுகூட இல்லை. திரும்ப வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். "கொஞ்சம் வரலாம், பழைய மாதிரின்னு சொல்ல மாட்டேன்" என்றார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ எதுவும் கேட்காமல் போனாய். ஆனால் கேட்க நினைத்தது எனக்குத் தெரியும். பதில் சொல்லிவிடுகிறேன். உன்னை மன்னிக்க என்னால் முடியவில்லை. நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். என்னையும் மன்னிக்க முடியவில்லை. நீ எழுதிய பிறகும் நான் மெத்தையைத் தட்டினேன். குளிக்கும்போது என் கையைப் பார்த்தால் வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. அதனால் நீ தனியாக இல்லை, ஒரே குழியில்தான் இருக்கிறோம். அது உனக்கு ஆறுதலாக இருந்தால் வைத்துக்கொள்.

ஒரு காரியம் செய். டாக்டர் அவனிடம் ஓயாமல் பேசச் சொல்கிறார். சின்னச் சின்ன வார்த்தையாக, சொன்னதையே திரும்பச் சொல்லி. ஊரையே பேசிக் கவிழ்த்தவள் நான், இப்போது வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. இவருக்கும் பேச்சு வராது, உனக்குத் தெரியும். கையில் ஒரு தாள் இருந்தால் அதைப் பார்த்துப் படித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். நீ எழுது. எனக்கு எழுதாதே, அவனுக்கு எழுது. அவனுக்குப் புரிகிற மாதிரி எழுது.

தங்கை

*

ஜூன் 3

டேய் மருமகனே,

நான் மாமா. அம்மாவோட அண்ணன். மாமா தூரத்துல இருக்கேன்.

இங்க மழை பெய்யுது. மழை. கூரை மேல மழை விழுது. படபடன்னு விழுது.

வாசல்ல ஒரு நாய் இருக்கு. கறுப்பு நாய். மழை வந்தா நாய் உள்ள ஓடி வரும். உள்ள வந்து உடம்ப உதறும். மாமா மேல எல்லாம் தண்ணி. சட்டையில தண்ணி, மூக்குல தண்ணி. மாமா, போன்னு சொல்லுவேன். நாய் போகாது. நாய்க்கு வெக்கமே இல்ல.

இப்ப மழை நின்னுடுச்சு. நாய் தூங்குது.

மாமா ஒரு கதவு செய்யறேன். கதவு. தொறந்தா வெளிய போகலாம். மூடினா உள்ள இருக்கலாம். உங்க வீட்லயும் கதவு இருக்கு. நான் பாத்தேன். கதவு எங்க இருக்கு? அதோ இருக்கு.

உன் பக்கத்துல உக்காந்து படிக்கறது அம்மா. அம்மா வாய் அசையுது பாரு. நடுவுல கொஞ்சம் நிறுத்துவா. அழுதா பயப்படாத. தண்ணி குடிச்சிட்டுத் திரும்பப் படிப்பா.

இப்ப அம்மா உன்னக் கூப்பிடுவா. மொட்ட. மொட்டன்னா நீ. திரும்பிப் பாரு.

மொட்ட.

தங்கச்சி, திரும்பாவிட்டால் மேலேயிருந்து மறுபடியும் படி.